நான்கு காசுக்கு விற்கப்படும் குடிமக்கள்

செகந்திராபாத் இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும், இந்த நாட்டில் ஒரு சாதாரண மனிதர் எத்தனை இடங்களில் தம்மைத் தாமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கிவிடும். விடுதியில் தங்க ஆதார் நகல் ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று, ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர ஒன்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒன்று. கொடுத்த நகல் எங்கே போகிறது, எத்தனை காலம் வைக்கப்படுகிறது, யார் கைக்கு மாறுகிறது என்று கேட்கும் வழக்கம் கொடுப்பவருக்கு இல்லை. சொல்லும் வழக்கம் வாங்குபவருக்கும் இல்லை. காகித நகலுக்கே இந்த நிலை என்றால், கைபேசியின் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியதும் பறந்துபோகும் விவரங்களின் கதி என்ன?

இந்தக் கேள்விக்கான விடை அதே இரட்டை நகரத்தில், காவல் துறையின் வழக்குக் கோப்புகளிலேயே இருக்கிறது.

2023 மார்ச்சில் ஐதராபாத்தின் சைபராபாத் காவல் துறை ஏழு பேரைக் கைது செய்தது. 16.8 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களை வைத்து அவர்கள் விற்பனை செய்தனர் என்பது குற்றச்சாட்டு. பாதுகாப்புப் படையினரின் விவரங்களும், நீட் தேர்வு எழுதிய மாணவர்களின் விவரங்களும் அதில் அடங்கியிருந்தன. சில நாட்களில் மற்றொருவர் கைதானார். அவரிடம் இருந்தவை, 24 மாநிலங்களையும் 8 பெருநகரங்களையும் சேர்ந்த 66.9 கோடித் தனிநபர்கள், நிறுவனங்களின் விவரங்கள் என்று காவல் துறை அறிவித்தது. அவை 104 வகைகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள், மூத்த குடிமக்கள், மாதச் சம்பளம் பெறுவோர், பான் அட்டை வைத்திருப்போர், டெபிட் அட்டை வைத்திருப்போர் என்று, மளிகைக் கடையில் பருப்பு வகைகளைப் பிரித்து வைப்பதுபோல் மனிதர்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர்.

ஒரே ஆள் பல பட்டியல்களில் இடம்பெற்றிருக்கக்கூடும் என்பதால், எண்ணிக்கையை அப்படியே மக்கள்தொகைக் கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது விலையை. மார்ச் மாத வழக்கில், 50,000 பேரின் விவரங்கள் வெறும் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தன என்று காவல் துறை தெரிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நான்கு காசு.

நான்கு காசுக்கு விற்றவர்கள் பிடிபட்டார்கள். ஆனால் அந்த விவரங்களை அவர்கள் மக்களிடம் வீடு வீடாகச் சென்று சேகரிக்கவில்லை. வங்கிகளும், சமூக ஊடக நிறுவனங்களும், இணைய வணிகர்களும் அடங்கிய 11 அமைப்புகளுக்குக் காவல் துறை விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது இதனால்தான். சேர்த்து வைக்கப்படாத பொருளை எவரும் திருட முடியாது. இங்கே திருடனுக்கு முன்னால் ஒரு களஞ்சியம் இருக்கிறது. அந்தக் களஞ்சியத்தின் உரிமையாளர் யார், அவர் எதற்காகச் சேர்த்தார், எப்படிக் காத்தார் என்ற கேள்விகளே முதன்மையானவை. அவற்றைத் தொடாமல், இடைத்தரகர்களைக் கைது செய்வதோடு முடித்துக்கொள்வது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

கடன் செயலியும் கைபேசித் தொடர்புப் பட்டியலும்

தகவல் கசிவு என்றால் தேவையற்ற விளம்பர அழைப்புகள் என்ற தொல்லை மட்டுமே என எண்ணுவோர் உண்டு. 2020 டிசம்பரில் தெலங்கானா கண்டது வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் வேலையும் கூலியும் இழந்த மக்கள், சில ஆயிரம் ரூபாய்க்காகக் கைபேசிச் செயலிகள் வழியே கடன் வாங்கினர். அடமானம் கேட்கப்படவில்லை, பிணையாள் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டது ஒன்றே: கைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி. தவணை தவறியதும் அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அழைப்பு போனது. மாமனாருக்கும், மேலதிகாரிக்கும், பிள்ளையின் ஆசிரியருக்கும் 'இவர் மோசடிக்காரர்' என்று செய்தி போனது. அவமானம் தாளாமல் தற்கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே ஐதராபாத், சைபராபாத் காவல் துறையினர் ஐதராபாத்திலும் குருகிராமிலும் இயங்கிய அழைப்பு மையங்களில் சோதனை நடத்தினர்.

பழைய கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார். அந்தத் தெருவுக்கு மட்டும் கேட்கும். புதிய கந்துவட்டிக்காரருக்கு முகமில்லை. ஆனால் அவர் குரல் கடனாளியின் உலகம் முழுவதற்கும் கேட்கும். முன்பு தாலியும் பாத்திரமும் அடகுக்குப் போயின. இப்போது அடகுக்குப் போவது மானம். அந்த அடகுச் சீட்டின் பெயர் 'தனிப்பட்ட விவரம்'.

2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மட்டும் சுமார் 1,100 கடன் செயலிகள் புழக்கத்தில் இருந்ததையும், அவற்றில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்பதையும் அக்குழு கண்டறிந்தது. கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்ற விதி 2022 செப்டம்பரில்தான் வந்தது. இந்த விதி சாத்தியமானதுதான், எளிமையானதுதான் என்பது இதிலிருந்தே தெரிகிறது. கடன் கொடுக்கத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. அது தேவைப்பட்டது மிரட்டுவதற்கு மட்டுமே. இந்த எளிய உண்மையை விதியாக எழுத உயிர்ப்பலிகள் வேண்டியிருந்தன.

அரசின் கணக்கும் தனியாரின் மென்பொருளும்

நிறுவனங்கள் சேர்க்கும் விவரங்களோடு அரசு சேர்க்கும் விவரங்களும் கலக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கும் தெலங்கானாவே சான்று. 2014 ஆகஸ்ட் 19 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. வெளியூரில் வேலை செய்தவர்கள் அந்த ஒரு நாளுக்காகப் பேருந்திலும் இரயிலிலும் தொங்கியபடி ஊர் திரும்பினர். பெயர் விடுபட்டால் நலத்திட்டம் கிடைக்காது என்ற அச்சமே அவர்களை விரட்டியது. பின்னர் அரசுத் துறைகளின் பல்வேறு பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தும் 'சமக்ர வேதிகா' என்ற கணினி அமைப்பு உருவாயிற்று. அதன் இதயமாக இருந்தது ஐதராபாத்தைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்றின் மென்பொருள்.

நலத்திட்டத்துக்குத் தகுதியானவரைத் தேடிக் கண்டுபிடிக்க இது உதவியிருக்க முடியும். பயன்படுத்தப்பட்டதோ நீக்குவதற்கு. 2014 முதல் 2019 வரை மாநிலத்தில் 18 இலட்சத்துக்கும் அதிகமான உணவுப் பாதுகாப்பு அட்டைகள் இரத்து செய்யப்பட்டன. பெயர் ஒற்றுமையால், வாகனமே இல்லாத ஏழைகள் கார் உரிமையாளர்களாயினர். நீக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு இல்லை. தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு இல்லை. நியாய விலைக் கடையில் கைவிரல் வைத்தபோதுதான் தம் அட்டை உயிரோடு இல்லை என்று பலரும் அறிந்தனர். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரத்தான அட்டைகளை நேரில் கள ஆய்வு செய்யுமாறு உத்தரவிட்டது. அதன் பின்னரே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகுதியுடையவை என ஏற்கப்பட்டன. அத்தனை ஆண்டுகள் அவர்கள் வாங்கத் தவறிய அரிசியை எந்தக் கணினியும் திருப்பித் தரப்போவதில்லை.

அந்த மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அது நிறுவனத்தின் உரிமைக்கு உட்பட்டது என்று கூறி விவரம் மறுக்கப்பட்டது. ஏழையின் வீடு, வாகனம், மின் இணைப்பு அனைத்தும் நிறுவனத்தின் மென்பொருளுக்குத் திறந்த புத்தகம். அந்த நிறுவனத்தின் மென்பொருள் ஏழைக்கு மூடிய பெட்டகம். இன்றைய 'தகவல் பொருளாதார'த்தின் வர்க்க இயல்பை இதைவிடச் சுருக்கமாக விளக்க இயலாது.

தமிழ்நாடும் இதற்கு விதிவிலக்கல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 3.1 கோடிப் பேரின் விவரங்கள் தம்மிடம் உள்ளன என்று கூறி ஒருவர் அவற்றை 2024-இல் டெலிகிராம் வழியே விற்பனைக்கு வைத்தார். மருத்துவ அறிக்கைகளும் அதில் வெளிவந்தன. தாம் இணையத் தாக்குதலுக்கு ஆளானதை ஏற்றுக்கொண்ட நிறுவனம், சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு சந்தைக்கு வந்த பிறகு எந்தத் தடையாணை அதைத் திரும்ப உறைக்குள் போடும்? கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கி அட்டையை மாற்றலாம். நோயை, கைரேகையை, பிறந்த தேதியை மாற்ற முடியாது.

சட்டம் யாரைக் காக்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது மோடி அரசு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தது. அதன் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அறிக்கை தந்தது. 2019-இல் மசோதா வந்தது. 2022-இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். தீர்ப்புக்கும் கடமைக்கும் இடையே ஏறத்தாழ பத்தாண்டுகள். அந்தப் பத்தாண்டுகளில்தான் மேற்கண்ட களஞ்சியங்கள் அனைத்தும் நிரம்பின.

சட்டத்தில் நல்ல கூறுகளே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. சேகரிக்கும் நோக்கத்தைச் சொல்ல வேண்டும். நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இவை மக்கள் இயக்கங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வாய்ப்புகளே.

ஆனால் அபராதம் யாருக்குப் போகிறது? அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசும் இல்லை. 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் இழப்பீடு கோரும் உரிமை இருந்தது. 2023 சட்டத்தில் அது காணாமல் போயிற்று. அதுமட்டுமல்ல, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ் ஏற்கெனவே இருந்த இழப்பீட்டு உரிமையையும் நீக்குவதற்கு இச்சட்டம் வகை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பிலுள்ள விதிமுறை பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கோரும் உரிமையை வெளிப்படையாக வழங்குகிறது. இங்கோ, பாதிக்கப்பட்டவருக்குக் கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம்! நான்கு காசுக்கு விற்கப்பட்டவர், புகார் சொல்ல வாய் திறக்குமுன் பத்தாயிரம் ரூபாயை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசிடமே. மக்களின் விவரங்களை மிக அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் தரப்பே, தன்னை விசாரிக்க வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்கும். தேவைப்பட்டால் விசாரணையிலிருந்தே விலக்கும் பெறும்.

உழைப்பாளிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது 7-ஆவது பிரிவு. 'வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும்', 'முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும்' தொழிலாளியின் விவரங்களை அவருடைய ஒப்புதலின்றியே கையாளலாம் என்கிறது அது. எது வேலை தொடர்பான நோக்கம்? எது முதலாளியின் இழப்பு? சங்கம் அமைப்பது இழப்பா? வேலைநிறுத்தம் குறித்து வாட்ஸ்அப்பில் பேசுவது இழப்பா? கைரேகை வருகைப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, விசைப்பலகையில் விரல் நின்ற வினாடிகளை எண்ணும் மென்பொருள் ஆகிய அனைத்தும் இந்த ஒரு வாசகத்தின் நிழலில் குடியேறிவிடும். உணவு விநியோகத் தொழிலாளியின் நிலை இன்னும் விநோதம். கூலியும் காப்பீடும் கேட்டால் அவர் 'பங்குதாரர்', தொழிலாளி அல்ல. ஆனால் அவர் எந்தச் சிக்னலில் எத்தனை நிமிடம் நின்றார் என்பது நிறுவனத்தின் சொத்து. எந்தக் கணக்கில் தம் மதிப்பெண் குறைந்தது, எதனால் கணக்கு முடக்கப்பட்டது என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படாது.

தொழிலாளி கையெழுத்திடும் 'ஒப்புதல்' எத்தகையது என்பதை உழைக்கும் வர்க்க இயக்கம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆலை வாசலில் நின்றவரும் ஒப்பந்தத்தில் 'சுதந்திரமாகவே' கையெழுத்திட்டார். பசி மட்டுமே அவரைக் கட்டாயப்படுத்தியது. இன்று 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துபவரின் சுதந்திரமும் அதே வகைப்பட்டது. அழுத்தாவிட்டால் கடன் இல்லை, வேலை இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. அறிவிப்பு தமிழில் வந்துவிட்டால் மட்டும் அந்தக் கட்டாயம் மறைந்துவிடாது.

அந்தரங்கத்தின் பெயரால் மூடப்படும் கதவு

இச்சட்டத்தின் மிகத் தந்திரமான பகுதி 44-ஆவது பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை அது திருத்துகிறது. பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற தனிப்பட்ட விவரங்களை மட்டும் மறுக்கலாம், பெரும் பொதுநலன் இருப்பின் அதையும் தரலாம் என்று முன்பு இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒற்றைச் சொல்லே மறுப்பதற்குப் போதுமானது. நிறுவனங்களின் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்த அரசு, இந்தத் திருத்தத்துக்கு ஒரு நாள் அவகாசமும் தரவில்லை. விதிகளோடு உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எதில் அவசரம், எதில் நிதானம் என்பதிலேயே அரசின் நோக்கம் வெளிப்பட்டுவிடுகிறது.

பொதுநலன் கருதித் தகவல் தரும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. அந்தப் பிரிவின்கீழ் பொதுநலன் பெரிதா, பாதுகாக்க வேண்டிய நலன் பெரிதா என்று எடைபோட்டு முடிவெடுப்பவர் அதே அலுவலகத்தின் அதிகாரி. பெயர்ப் பட்டியலைக் கேட்கும் கூலித் தொழிலாளி, பொதுநலனை நிரூபிக்கும் சுமையையும் தூக்க வேண்டும். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கை வேரூன்றியது எப்படி? வருகைப் பதிவேட்டின் பெயர்களை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்ததால். செத்தவர் பெயரில் கூலி எடுத்தவர்களும், வராதவர் பெயரில் கையெழுத்திட்டவர்களும் அப்படித்தான் பிடிபட்டனர். அந்தப் பெயர்கள் இனி 'தனிப்பட்ட தகவல்' ஆகிவிட்டால், காப்பாற்றப்படுவது ஏழையின் அந்தரங்கம் அல்ல; ஒப்பந்தக்காரரின் கொள்ளை.

ஆகவே இங்கே மோதுவது அந்தரங்கமும் வெளிப்படைத்தன்மையும் அல்ல. அதிகாரம் உள்ளவர் வெளிப்படையாக இருக்க வேண்டும், அதிகாரம் அற்றவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதே மக்களாட்சியின் நெறி. இன்றைய சட்டம் அதைத் தலைகீழாக்குகிறது.

செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமை மீண்டும் சட்டத்தில் இடம்பெற வேண்டும். தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் பாதிக்கப்பட்டோர் சார்பில் கூட்டாகப் புகார் செய்ய வகை வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியம் அரசின் பிடியிலிருந்து விடுபட்டு இயங்க வேண்டும்; மாநிலங்களில் அதன் கிளைகள் அமைய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத் திருத்தம் இரத்து செய்யப்பட வேண்டும். வேலையளிப்போருக்குத் தரப்பட்டுள்ள ஒப்புதல் விலக்கு நீக்கப்பட்டு, பணியிடக் கண்காணிப்பு சங்கங்களுடனான பேச்சுவார்த்தைக்கு உட்பட வேண்டும். முன்னறிவிப்பும் நேரடி விசாரணையும் இன்றிக் கணினியின் கணிப்பை மட்டும் கொண்டு எவரது ரேஷன் அட்டையும் ஓய்வூதியமும் நிறுத்தப்படக்கூடாது. பொதுப்பணத்தில் வாங்கப்படும் மென்பொருளின் செயல்முறை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

கோரிக்கைகளோடு நின்றுவிடாமல், சொந்த வீட்டையும் ஒழுங்குபடுத்த வேண்டிய கடமை இயக்கத்துக்கு உண்டு. எத்தனை சங்க அலுவலகங்களில் உறுப்பினர்களின் ஆதார் நகல்கள் பூட்டில்லாத அலமாரியில் கிடக்கின்றன? நிவாரண உதவிக்காகப் பெறப்பட்ட கைபேசி எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகின்றன? தேவைக்கு மேல் கேட்காதிருத்தல், வேலை முடிந்ததும் அழித்தல், யாரிடம் உள்ளது என்பதைப் பதிவு செய்தல் ஆகிய மூன்று பழக்கங்களுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. முதலாளியின் கையில் சிக்கும் ஓர் உறுப்பினர் பட்டியல், ஒரு சங்கத்தையே வாசலிலிருந்து வெளியேற்றப் போதுமானது என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

கிளைகள் உடனடியாகச் செய்யத்தக்க வேலையும் உண்டு. கடன் செயலிகளால் மிரட்டப்படுவோர் பெரும்பாலும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. தனியே அழும் அவருக்கு, இது அவருடைய குற்றமன்று, ரிசர்வ் வங்கியின் விதிக்கு எதிரான செயல் என்று எடுத்துச் சொல்லவும், காவல் நிலையத்துக்கு உடன் செல்லவும் ஒருவர் வேண்டும். அட்டை இரத்தான குடும்பத்துக்கு மனு எழுதித் தரவும், கள ஆய்வு கோரவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகக் கட்சி உறுப்பினர் இருப்பாரெனில், தரவு பற்றிய இந்த விவாதம் மேடையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்துவிடும்.

தனிமனிதர் ஒவ்வொருவரின் விவரமும் சந்தையில் நான்கு காசு பெறும். அவர்கள் ஒன்று சேர்ந்து நிற்கும்போது அவர்களுக்கு விலை சொல்ல எந்தச் சந்தையாலும் முடியாது.